முப்பிடாதியின் போனில் ஓடாத வீடியோ

உட்காருங்கள் அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தப் பெஞ்சிலேயே உட்காருங்கள். நீங்களும் துறைத்தலைவரைப் பார்க்கத்தானே வந்திருக்கிறீர்கள்? எனக்கும் பத்தரைக்கு என்றுதான் சொன்னார்கள். இசக்கியப்பன் சாருக்குப் பத்தரை என்றால் நமக்குப் பதினொன்றேகால். அதுவரை பேசிக்கொண்டிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் நியாயம் தெரிந்தவர் மாதிரி இருக்கிறது.

என் பெயர் சுடரொளி. கணினி அறிவியல், முதுகலை இரண்டாம் ஆண்டு. கையில் இருப்பது என் தரப்பு விளக்கம், பதினான்கு பக்கம். இன்று அந்த அறைக்குள் என்னை விசாரிக்கப் போகிறார்கள். கடிதத்தில் 'கலந்துரையாடல்' என்று நாசூக்காகப் போட்டிருக்கிறது. ஆனால் என் மேல் ஒரு மனு இருக்கிறது அக்கா. மனு கொடுத்தது யார் தெரியுமா? யாருக்காக ஆறு மாதம் தொண்டை வற்றக் கத்தினேனோ, அவர்களே.

முதலிலிருந்து சொல்கிறேன். காது கேளாதவர்களுக்கென்று அரசு அலுவலகங்களில் சில இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள், பதிவறை எழுத்தர், அலுவலக உதவியாளர், இப்படி. விண்ணப்பம் இணையத்தில்தான். பதினோரு பக்கப் படிவம். எம்.ஏ. படித்தவர்களுக்கே தலை சுற்றும். பிறவியிலேயே காது கேளாதவர்களுக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி மாதிரி. அவர்களுடைய மொழி கையில் இருக்கிறது. ஆகவே அந்தப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று சைகை மொழியில் ஒரு வீடியோ எடுத்து, ஒரு இணையதளத்தில் போடுவது. இதுதான் திட்டம். யோசனை என்னுடையது. அதை யாரும் மறுக்க முடியாது, இரண்டாம் பக்கத்தில் ஆதாரத்தோடு எழுதியிருக்கிறேன்.

மூன்று பேர் குழு. நான். என் வகுப்பில் படிக்கிற ரெக்சன், நாகர்கோவில்காரன். மூன்றாவது, செல்வக்கனி அம்மா. பாளையங்கோட்டையில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறார். பிறந்ததிலிருந்து காது கேளாது. வீடியோவில் சைகை செய்தது அவர்தான். ஒரே டேக்கில் ஆறு நிமிடம், ஒரு பிசிறு கிடையாது. அவரை நான் எவ்வளவு மதித்தேன் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் கூட்டத்தில் 'செவிடு' என்ற சொல் ஏன் தவறு, 'செவித்திறன் குறைந்தோர்' ஏன் சரி என்று அவருக்கு நாற்பது நிமிடம் விளக்கினேன். ஆமாம், பேசித்தான் விளக்கினேன். உதட்டைப் பார்த்தே அவருக்குக் கொஞ்சம் புரியும் என்று ரெக்சன் சொல்லியிருந்தான். நடுவில் அவர் கொட்டாவி விட்டார். அச்சக வேலை, பாவம், களைப்பு.

படம் எடுத்தாயிற்று. அடுத்தது எந்த வடிவத்தில் தளத்தில் ஏற்றுவது என்ற கேள்வி. சண்டையே இங்கேதான்.

எங்கள் பல்கலைக்கழகச் சர்வரில் ஒரு கோப்பு நாற்பது மெகாபைட்டுக்கு மேல் ஏறாது. அந்த நாற்பதுக்குள் என்ன அடக்கலாம்? படம் பெரிதாக, பளிச்சென்று வேண்டுமா? சத்தம் நன்றாக வேண்டுமா? நொடிக்கு எத்தனை படம் ஓட வேண்டும்? மூன்றும் கேட்டால் இடம் பத்தாது. எதையாவது குறைத்தாக வேண்டும்.

ரெக்சன் வாயைத் திறந்ததும் சொன்னான்: "மக்கா, எம்பி4 போடு. பழைய போன், புது போன், எல்லாத்துலயும் ஓடும். படத்தைச் சின்னதாக்கு. சத்தத்தை எடுத்துரு. நொடிக்கு இருபத்தஞ்சு படம் வை. கை தெளிவா தெரியணும், அவ்வளவுதான் விஷயம்."

"சத்தத்தை எடுக்கவா?"

"பாக்கப் போறவங்களுக்குக் காது கேக்காது மக்கா."

"அதுக்காக? அவங்களுக்குக் கேக்காதுன்னா நாம குறைச்சுக் குடுக்கணுமா? மத்தவங்களுக்கு வர்ற வீடியோல சத்தம் இருக்கும், இவங்களுக்கு வர்றதுல இருக்காது. இதுக்குப் பேரு என்ன தெரியுமா? பாகுபாடு!"

அவன் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டான். பதில் இருந்தால் சொல்லியிருப்பானே?

ஆகவே ஒலி வைத்தோம். என் குரலிலேயே விளக்கம், நான்கு முறை பதிவு செய்தேன், நான்காவதுதான் திருப்தி. அடியில் மெல்லிசாக வயலின். ஒலித்தரத்தில் மட்டும் நான் யாருக்காகவும் இறங்கிவரவில்லை அக்கா. படமும் முழு அளவுதான். செல்வக்கனி அம்மாவின் சேலைக்கரையில் உள்ள கட்டங்களை எண்ணலாம். மிச்சம் குறைக்க இருந்தது ஒன்றுதான். நொடிக்கு இருபத்தைந்து படத்தைப் பன்னிரண்டாக்கினேன். பாதிக்கும் குறைவு. கை கொஞ்சம் தாவித் தாவித் தெரியும், அவ்வளவுதானே? அந்தக் காலத்துப் படங்களில் மனிதர்கள் அப்படித்தானே நடந்தார்கள்? யாருக்காவது கதை புரியாமல் போயிற்றா?

அப்புறம் வடிவம். எம்பி4-க்குள் இருக்கும் சுருக்கு முறைக்குப் பெரிய பெரிய கம்பெனிகள் காப்புரிமை வாங்கி வைத்திருக்கின்றன. மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற பல்கலைக்கழகம், ஒடுக்கப்பட்டவர்களுக்கான தளம், அதில் கம்பெனிக்காரனின் பூட்டா? வெப்எம் என்று ஒரு வடிவம் இருக்கிறது. திறந்த வடிவம், யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் சொந்தம். நான் அதைத்தான் சொன்னேன். அதிலும் இருப்பதிலேயே புதிய முறை.

"பழைய போன்ல அது ஓடாது," என்றான் ரெக்சன்.

"போன் மாறும். கொள்கை மாறாது."

"சரி மக்கா, ரெண்டையும் போட்டிருவோம். தளத்தோட கோடிங்ல ரெண்டு வரி எழுதினா போதும், போன் தனக்குத் தெரிஞ்சதை எடுத்துக்கும். உலகத்துல எல்லாரும் அப்படித்தான் செய்யுதாவ."

"உலகத்துல எல்லாரும் செய்றதுதான் சரின்னா நாம எதுக்குப் படிக்கிறோம்?"

நான் கல்லூரிப் பட்டிமன்றத்தில் மூன்று ஆண்டு முதல் பரிசு வாங்கியவள் அக்கா. சும்மா பீற்றிக்கொள்ளவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன்.

ஒன்பது நாள் விவாதித்தோம். ஆறாம் நாள் ஒரு வேடிக்கை. நான் வெள்ளைப் பலகையில் இரண்டு வடிவங்களையும் ஒப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். லைட் அணைகிறது, எரிகிறது. மறுபடி அணைகிறது, எரிகிறது. மூன்று முறை. வயரிங் கோளாறு என்று அன்றைக்கே எலெக்ட்ரீஷியனுக்கு எழுதிப் போட்டேன். அப்புறம்தான் ரெக்சன் சொல்கிறான், செல்வக்கனி அம்மாதான் எழுந்து போய் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தாராம். அவர்கள் கூட்டத்தில் 'என்னைப் பாருங்கள், நான் ஒன்று சொல்ல வேண்டும்' என்பதற்கு அதுதான் வழக்கமாம். நீங்களே சொல்லுங்கள், ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது விளக்கை அணைப்பது என்ன மரியாதை? நம்மூரில் யாராவது செய்வார்களா?

அவர் எழுதியும் காட்டினார். இல்லை என்று சொல்லவில்லை. அச்சகத்துக் கழிவுத் தாளில், பென்சிலால்: "என் போன் ஓடாது. ஞாயிறு பஸ் ஸ்டாண்டு வா. எல்லார் போன் பார்." இதற்கு நான் என்ன செய்தேன்? கிழித்துப் போட்டேனா? எடுத்துப் பத்திரமாக, சிவப்பு மையில், 'வா' என்பதை 'வாருங்கள்' என்றும், 'பார்' என்பதை 'பாருங்கள்' என்றும் திருத்தி, கீழே 'முயற்சிக்கு வாழ்த்துகள்' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அன்போடுதான் கொடுத்தேன். அதையும் மனுவோடு சேர்த்து வைத்திருக்கிறார்களாம். இணைப்பு மூன்று.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவர்கள் எல்லோரும் கூடுவார்கள். அறுபது, எழுபது பேர். கடை வெளிச்சம் நன்றாக விழுகிற இடமாகப் பார்த்து வட்டமாக நிற்பார்களாம்; வரிசையாக நின்றால் ஒருவர் கை ஒருவருக்குத் தெரியாது. ரெக்சன் இரண்டு வாரம் போனான். எனக்கு நேரமில்லை. அந்த இரண்டு ஞாயிறும் நான் சும்மா இருக்கவில்லை. 'அணுகுரிமையும் ஊடக வடிவமும்' என்று கட்டுரை எழுதினேன். அவர்களைப் பற்றித்தான்.

கடைசியில் ஓட்டெடுப்பு வைத்தேன். ஜனநாயகம் வேண்டும் இல்லையா? "வெப்எம் வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். நான் தூக்கினேன். செல்வக்கனி அம்மாவும் தூக்கினார். இரண்டுக்கு ஒன்று. முடிந்தது.

இப்போது என்ன சொல்கிறார்கள் என்றால், அவர் ஓட்டுப் போடவில்லையாம், பேசுவதற்குக் கை தூக்கினாராம். அக்கா, ஓட்டெடுப்பு நேரத்தில் கை தூக்கினால் அது ஓட்டு. உலகம் முழுக்க அப்படித்தான்.

தளம் திறந்தது. ஒரே மாதத்தில் பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை திறக்கப்பட்டிருக்கிறது. ஒரு புகார்கூட வரவில்லை. புகார்ப் பெட்டியை நானே வைத்திருந்தேன், வீடியோ முடிந்ததும் அடியில் தோன்றும்படி. ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம் வீடியோவில் இருந்தார் என்ற கணக்கும் வந்தது: நான்கு நொடி. எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆறு நிமிட விஷயத்தை நான்கு நொடியில் பிடித்துக்கொள்கிறார்கள் என்றால் சைகை மொழியின் ஆற்றலை யோசித்துப் பாருங்கள்! அதைக் கட்டுரையில் சேர்த்தேன்.

ரெக்சன் படித்துவிட்டு, "சுடரு, நாலு செகண்டுங்கறது கருப்புக் கட்டத்தைப் பாத்துட்டு மூடுற நேரம்," என்றான்.

"ஆதாரம்?"

"பஸ் ஸ்டாண்டுக்கு வா, ஆதாரம் அங்க வட்டமா நிக்கி."

பொறாமை அக்கா. அவன் சொன்ன வடிவம் தோற்றது இல்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கடைசித் தேதி முடிந்தது. அவர்கள் கூட்டத்தில் அறுபத்துமூன்று பேர் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டது ஒன்பது பேருடையது. அந்த ஒன்பதும் வீட்டில் காது கேட்கிற பிள்ளைகள் இருந்தவர்கள், அவர்கள் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஐம்பத்துநான்கு பேர் இல்லை. இதற்கு நான் என்ன செய்ய முடியும்? ஆர்வம் உள்ளே இருந்து வர வேண்டும்.

அந்த ஐம்பத்துநான்கில் முப்பிடாதி என்று ஒரு பெண். பீடி சுற்றுகிறவர், பன்னிரண்டாம் வகுப்பு நல்ல மார்க். என் வீடியோவைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறார், ஒரு வாரம். முந்நூற்றுப் பன்னிரண்டில் நாற்பது தடவை அவர் ஒருவரே திறந்ததாம். ஓடவில்லை என்றதும் ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போயிருக்கிறார். அங்கே ஓடியிருக்கிறது, ஆனால் கை தாவுகிறதாம், தேதி எது, எண் எது என்று தெரியவில்லையாம். கடைக்காரர் அவசரத்தில் பொதுப்பிரிவில் நிரப்பிவிட்டார். விண்ணப்பம் தள்ளுபடி. பிழை யாருடையது? கடைக்காரருடையது. பத்தாம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருக்கிறேன்.

இப்போது இரண்டாவது அறிவிப்பு வந்திருக்கிறது. இன்னும் பன்னிரண்டு நாள். முப்பிடாதிக்கு வயது வரம்பு இந்த முறையோடு சரி, அடுத்த ஆண்டு தாண்டிவிடும். அதனால்தான் இந்த மனு. தளத்தின் பாஸ்வேர்டு என்னிடம் இருக்கிறது. என் அனுமதி இல்லாமல் யாரும் எதையும் மாற்ற முடியாது. ரெக்சன் அவன் பாணியில் ஒரு எம்பி4 செய்து மூன்று வாரமாகப் பென் டிரைவில் வைத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றுகிறான். நான் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்? ஓட்டெடுப்பில் தோற்றவன் கொல்லைப்புறமாக வருவதா? மனுவில், என்னைப் பொறுப்பிலிருந்து எடுக்க வேண்டும், 'எந்த வடிவம் என்பதை நாங்களே முடிவு செய்கிறோம்' என்கிறார்கள். நாங்களே! அப்புறம் அவர்களுக்காகப் போராட நான் எதற்கு?

இன்றைக்குச் செல்வக்கனி அம்மா தூத்துக்குடியிலிருந்து ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரை வேறு வரச்சொல்லியிருக்கிறாராம். ஆறு மாதம் இல்லாத மொழிபெயர்ப்பாளர் இன்றைக்கு எதற்கு? இத்தனை நாள் நாங்கள் நன்றாகத்தானே பேசிக்கொண்டிருந்தோம்?

இதோ, வந்துவிட்டார்கள். படியேறி வருகிறார் பாருங்கள், அந்தப் பச்சைச் சேலைதான் செல்வக்கனி அம்மா. பின்னால் ரெக்சன், தோளில் லேப்டாப். கூட வருகிற ஒல்லியான பெண் யாரென்று தெரியவில்லை.

ஏன் கை ஆட்டுகிறார்? எனக்கா? நான் மரியாதைக்கு ஒரு வணக்கம் வைத்து... அக்கா? நீங்கள் எழுந்து... உங்கள் கை...

நீங்களா?

நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளரா? இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? முக்கால் மணி நேரமாக... சொல்ல வந்தீர்களா? எப்போது? நான் கவனிக்கவில்லையே. இரண்டு தடவையா?

என்ன கேட்கிறார் செல்வக்கனி அம்மா? நாம் இவ்வளவு நேரம் என்ன பேசிக்கொண்டிருந்தோம் என்றா? அதெல்லாம் சொல்ல வேண்டாம் அக்கா, அது உங்களுக்கும் எனக்கும்... சொல்லித்தான் ஆக வேண்டுமா? அதுதான் உங்கள் தொழில் முறையா? எல்லாமா? வயலினுமா?

சொல்லுங்கள். எனக்கென்ன பயம்.

...

சிரிக்கிறார். செல்வக்கனி அம்மா இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எந்த இடத்துக்குச் சிரிக்கிறார்? நான்கு நொடிக்கா? ரெக்சன், நீ ஏண்டா சிரிக்கிற? உனக்குக் கைமொழி எப்போதிருந்து புரியும்? ஓகோ, பஸ் ஸ்டாண்டில் கற்றுக்கொண்டாயா? இரண்டு வாரத்திலா?

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லையே. அவர் ஏன் என்னையே பார்க்கிறார்?

முப்பிடாதியா? இவரா?

நான் வேறு மாதிரி நினைத்திருந்தேன். எப்படி என்று தெரியவில்லை. கட்டுரையில் அவரைப் 'பயனாளர் 17' என்றுதான் போட்டிருந்தேன்.

போனை ஏன் என்னிடம் நீட்டுகிறார்? வாங்கிக்கொள்ளவா? சின்னதாக இருக்கிறது. மூலையில் உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருக்கிறார். சூடாக இருக்கிறது அக்கா, கையில் பிடித்தபடியே வந்திருப்பார் போல. என் தளம்தான் திறந்திருக்கிறது. என்ன கேட்கிறார்?

"இது என் போன். இதில் ஓடுமா?"

இதோ பாருங்கள், இது ஒரு எளிய கேள்வி மாதிரித் தெரிகிறது. இதற்கு என்னிடம் மூன்று பதில்கள் இருக்கின்றன. முதலாவது, ஓடுதல் என்றால் என்ன என்பதை நாம் வரையறுக்க வேண்டும். ஒரு கருவியின் பழமைக்காக ஒரு வடிவத்தைக் குறை சொல்வது... ஏன் நிறுத்திவிட்டீர்கள்? மொழிபெயர்க்கவில்லையா? வேகமாகப் பேசுகிறேனா? இல்லையா? பின்னே? அவர் வேண்டாம் என்கிறாரா? பதில் ஒரு சொல்லில் போதும் என்கிறாரா?

ஒரு சொல்லிலா.

நான் அழுத்திப் பார்க்கிறேன். இருங்கள்.

கருப்பாக இருக்கிறது. 'இந்த வீடியோவை இயக்க முடியவில்லை' என்று வருகிறது. இன்னொரு தடவை அழுத்துகிறேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

இதை நாற்பது தடவை பார்த்தாரா அக்கா?

இல்லை. ஓடாது. அவரிடம் சொல்லுங்கள், ஓடாது என்று. வேண்டாம், இருங்கள், நீங்கள் சொல்ல வேண்டாம். 'இல்லை' என்பதற்குக் கை எப்படி? இப்படியா? முகமும் சேர்ந்து சொல்ல வேண்டுமா? ஆறு மாதத்தில் இதை நான் கேட்டதே இல்லை, பாருங்கள். சரி. இல்லை. புரிந்ததா அவருக்கு? தலையாட்டுகிறார்.

ரெக்சன், லேப்டாப்பைத் திற. அந்தப் பென் டிரைவ் எங்கே? எந்நேரமும் கையிலேயே வைத்துக்கொண்டு சுற்றுவாயே. திரும்பிக்கொள், பாஸ்வேர்டு போடுகிறேன். ஏற்று. பழையதை எடுத்துவிட்டு ஏற்று. ஆமாம், எடுத்துவிடு, என் குரலோடுதான். சொல்கிறேன் இல்லையா!

வயலினும் போகட்டும்.

இதோ, அவர் போனிலேயே ஓடுகிறது. படம் தபால்தலை அளவுக்கு இருக்கிறது, சேலைக்கரையே தெரியவில்லை. சத்தம் இல்லை. ஆனால் கை ஓடுகிறது அக்கா, தண்ணீர் மாதிரி ஓடுகிறது. முப்பிடாதி கண்ணை எடுக்கவில்லை. பாருங்கள், பார்த்துக்கொண்டே தன் விரலாலும் செய்து பார்க்கிறார். மூன்றாவது பக்கம், பிரிவு, இரண்டாம் கட்டம். பிரௌசிங் சென்டர்க்காரர் தப்பாகப் போட்ட இடம் அது. நிறுத்தி, மறுபடி பார்க்கிறார். பன்னிரண்டு நாள் இருக்கிறது, போதும் இல்லையா? போதும் என்கிறாரா? இன்றைக்கே நிரப்பிவிடுவாராமா?

கதவு திறக்கிறது. சார் கூப்பிடுகிறார். போகலாம். இந்தப் பதினான்கு பக்கம்... இருக்கட்டும், பெஞ்சிலேயே இருக்கட்டும், யாரும் எடுக்க மாட்டார்கள்.

ஒரு நிமிடம் அக்கா. உள்ளே போவதற்குள் எனக்கு இன்னும் ஒரே ஒரு சொல் மட்டும் கற்றுக்கொடுங்கள்.

'ஆனால்' என்பதற்குக் கை எப்படி?